மீற்றர் காட்டிய 36

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் மாடிக்கட்டடம் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மறைப்பு எதுவும் இல்லை. மரைன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்த மாடியின் மூலையில் எட்டடி விட்டமுள்ள கம்பிவலை டிஷ் ஒன்றை முதலாம் மாடியில் குடியிருக்கும் பெரியவர் வைத்திருக்கிறார். ரிமோட்டை அழுத்தினால் அது கிழக்கும் மேற்குமாகச் சாய்ந்து ஒவ்வொரு செய்மதியாகத் தேடிப் போகும். கேபிள் இணைப்பும் இணையமும் வந்த பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. புதிய அலைவரிசை ஒன்றைத் தன் கையால் பிடிப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒருநாள் இரவு அவர் மேற்கு வானத்தின் அடிப்பக்கம் இருக்கும் செய்மதி ஒன்றைத் தேடி டிஷ்ஷை நன்றாகத் தாழ்த்தினார். அது வழுக்கிக்கொண்டு போனதுபோல் போய்விட்டது. காலையில் திரும்பி வரவில்லை. ரிமோட்டை அழுத்தினால் கீழே வீட்டில், மோட்டாரை இயக்கும் பெட்டிக்குள் 'டக்' என்ற சத்தம் கேட்கிறது, சில விநாடியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அவர் மாடிக்கு ஏறி, மோட்டாரின் வயர்களைக் கழற்றி, கீழே மகளைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு மீற்றரைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, கரண்ட் வருது. மீற்றர் 36 காட்டுது. பிறகேன் இது எழும்புதில்லை?"

36 வோல்ற் மோட்டாருக்கு 36 வோல்ற் வருகிறது. மோட்டாரைக் கழற்றி நேரே மின்கலங்களில் கொடுத்தால் ஓடுகிறது. அப்படியென்றால் பிழை எங்கே? இந்தக் கேள்வியைத் துரத்திப் போனால் கொழும்பின் வானம், உப்புக்காற்று, ஓமின் விதி மூன்றும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

முதலில் வானம். மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி ஒருமுறை சுழல எடுக்கும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு அது அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும். இந்த உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவையே வீடாகக் கொண்டவர். அந்த வளையத்துக்கு இன்று 'கிளார்க் வளையம்' என்றே பெயர்.

1975இல் இந்தியா, ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செய்மதியை ஓராண்டுக்கு இரவல் வாங்கி 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. அந்தச் சோதனையின்போது இஸ்ரோ பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது, ஐ.ரி.என். தொடங்கியது 1979இல், ரூபவாஹினி 1982இல். முழுத் தீவுக்கும் முன்னால், விண்ணிலிருந்து இறங்கிய படம் இந்த ஊரின் ஒரு வீட்டில் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்மதி நின்ற இடம் கிழக்கு நெடுங்கோடு 35 பாகை. கொழும்பிலிருந்து பார்த்தால் மேற்கு அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 38 பாகை உயரம். அந்த டிஷ்ஷுக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு செய்மதி. இன்றைய வளையத்தில் நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக டிஷ் நகர வேண்டும், நகர்த்த மோட்டார் வேண்டும்.

நகர்த்தும் விதம் அழகானது. டிஷ்ஷைத் தாங்கும் அச்சை, பூமி எந்த அச்சில் சுழல்கிறதோ அதற்கு இணையாக வைத்துவிட்டால் போதும். பிறகு ஒரே ஒரு அசைவு, கிழக்கு மேற்காக, வளையம் முழுவதையும் தொட்டுக்கொண்டு போகும். கொழும்பு மத்திய கோட்டிலிருந்து 7 பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால் இங்கே அந்த அச்சு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. வடக்கு முனை 7 பாகை மட்டும் தூக்கியிருக்கும். துருவ விண்மீன் நமது அடிவானத்தை ஒட்டியே கிடப்பதற்கும் இதே காரணம்தான். டிஷ்ஷின் முகம் இன்னும் ஒரு பாகை சொச்சம் தெற்கே குனிய வேண்டும், அவ்வளவே. நேர் தெற்கில் நிற்கும் செய்மதியைப் பார்க்கும்போது டிஷ் 82 பாகை நிமிர்ந்து, வானத்தைப் பார்த்து வைத்த தாம்பாளம்போல் இருக்கும். கிளார்க் 1979இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலுக்காக இந்தத் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி மத்திய கோட்டின் மேல் வைத்தார். நம்மையும் அப்படி நகர்த்தினால் அந்த 7 பாகையும் மறைந்து, அச்சு முற்றாகப் படுத்துவிடும்.

இந்தப் படுத்த அச்சுதான் பெரியவரின் பிரச்சினைக்கு முதல் துப்பு. லண்டனில் இதே டிஷ்ஷை வைத்தால் அச்சு 51 பாகைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். பாரத்தில் பெரும்பங்கு அச்சின் வழியே கீழே இறங்கிவிடும், கதவு கீலில் தொங்குவதுபோல. கொழும்பில் அந்த உதவி இல்லை. டிஷ் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் பாரம் ஏறத்தாழ முழுவதும் அச்சை முறுக்கும். லண்டனில் நூற்றில் 62 பங்கு முறுக்குகிறது என்றால் இங்கே 99. டிஷ் உச்சியை ஒட்டி இருக்கும்போது மோட்டாருக்கு வேலையே இல்லை. தாழ இறங்கும்போது பாரமே இழுத்துக்கொண்டு போகிறது. திரும்பித் தூக்கும்போதுதான் உண்மையான உழைப்பு. போதாததற்கு, டிஷ்ஷைத் தள்ளும் தண்டு கடைசிவரை சுருங்கிய நிலையில் டிஷ்ஷோடு ஒட்டிக் கிடக்கும். நெம்புவதற்குக் கோணம் கிடைக்காது. 'போனது, வரவில்லை' என்று அவர் சொன்ன நோய்க்குறி தற்செயலானது அல்ல.

கஷ்டப்படும் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானும் ஒரு மின்பிறப்பாக்கிபோல் எதிர் அழுத்தத்தை உண்டாக்கித் தனக்குள் பாயும் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நின்றுபோன மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. சுருளின் தடை ஒன்றுதான் தடுக்கும். ஆகவே எந்தக் கணத்தில் மோட்டார் அசையத் தவிக்கிறதோ, அந்தக் கணத்தில்தான் வயர்களில் அதிகபட்ச ஓட்டம் பாய்கிறது.

இப்போது மீற்றருக்கு வருவோம். சாதாரண டிஜிற்றல் மீற்றரின் உள்தடை ஒரு கோடி ஓம் அளவில் இருக்கும். 36 வோல்ற்றில் அது எடுக்கும் ஓட்டம் ஒரு அம்பியரின் பத்து இலட்சத்தில் நான்கு பங்குகூட இல்லை. வழியில் 1,000 ஓம் தடையுள்ள, முற்றாக அழுகிப்போன மூட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த மூட்டில் இழக்கப்படுவது 4 மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. மீற்றர் 36 என்றே சொல்லும். பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்கு அது சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. 'யாரும் ஒன்றும் கேட்காதபோது இங்கே எவ்வளவு அழுத்தம்?' என்பதுதான் நாம் கேட்ட கேள்வி. மோட்டாரின் கேள்வி வேறு: '3 அம்பியர் கேட்டால் எவ்வளவு மிஞ்சும்?'

அந்தக் கேள்வியை அன்று மாலை கேட்டோம். மோட்டாரின் வயர்களைத் திரும்பப் பூட்டி, மீற்றரின் இரு முனைகளையும் மோட்டாரின் திருகாணிகளில் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தச் சொன்னேன். பெட்டி பிழை காட்டுவதற்கு முன் நமக்குக் கிடைப்பது சில விநாடிதான். 36 இருந்த இடத்தில் 16.

பெரியவர் சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காணாமல் போன 20 வோல்ற்றைத் தேட வேண்டும். முதலாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, சுற்றி வளைத்து வந்த வயர் 30 மீற்றர். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பூட்டிக் கொடுத்தபோது அழைப்புமணிக்குப் போடும் மெல்லிய வயரையே இழுத்திருக்கிறார்கள். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீற்றருக்கு 88 ஓம் அளவில் தடை உண்டு. போக 30, வர 30, மொத்தம் 60 மீற்றர்: 5 ஓமுக்குச் சற்று மேல். 2.7 அம்பியர் பாய்ந்தால் 14 வோல்ற் அந்த வயரிலேயே தீர்ந்துவிடும். இது ஓமின் விதி என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் படித்தது ஒரு கேள்வித்தாளில். இங்கே அது சுவரோடு ஆணியடித்துக் கிடக்கிறது.

மிச்சம் 6 வோல்ற். அது மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரத்தில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு மூட்டில் இருந்தது. இப்படிப்பட்ட மூட்டைப் பிரிக்காமலே விசாரிக்கலாம். ஓட்டம் பாயும்போது மூட்டின் இரு புறத்திலும் மீற்றரை வைத்தால், நல்ல மூட்டில் கிட்டத்தட்டச் சைபர் வரும். இதில் ஐந்தரை வந்தது. 2.7 அம்பியரோடு பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 15 வாற் வெப்பம் ஒரு சுண்டுவிரல் அளவு இடத்தில். டேப் இளகி ஒட்டிப்போயிருந்ததற்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல.

டேப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சை மாவு. வெள்ளவத்தையில் ஜன்னல் கம்பி, சைக்கிள், குளிரூட்டியின் வெளிப்பெட்டி எதுவும் இந்தக் காற்றுக்குத் தப்புவதில்லை. அலை உடையும்போது சிதறும் நுண்துளிகள் உலர்ந்து உப்பாகக் காற்றில் மிதந்து வருகின்றன. உப்பு, ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பின் மேல் நேரோட்ட மின்சாரமும் இருந்தால் அது பள்ளி ஆய்வுகூடத்தின் மின்பகுப்புக் கலம்தான். நேர்முனையில் இருக்கும் உலோகம் கரைந்து போகும். டேப் மழையைத் தடுக்கும் என்று நினைத்துச் சுற்றுகிறோம். அது உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருக்கவும் செய்கிறது.

அப்படியென்றால் இத்தனை காலம் ஓடியது எப்படி? பெரியவர் பெரும்பாலும் பார்த்தவை 66 பாகையிலிருந்து 93 பாகைக்குள், நம் தலைக்கு மேலே நிற்கும் செய்மதிகள். டிஷ் அதிகம் சாயவே இல்லை, மோட்டார் அதிகம் கேட்கவே இல்லை. மெல்லிய வயர் முதல் நாளிலிருந்தே குறையோடுதான் இருந்தது. மூட்டு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுகியது. அந்த இரவில் அவர் முதல் தடவையாக முழு உழைப்பைக் கேட்டார். இரண்டு குறைகளும் ஒன்றாக வெளியே வந்தன.

கையில் மீற்றர் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. காரின் பின்பக்க பிரேக் விளக்கு, 12 வோல்ற், 21 வாற். மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ற் சுமை, முழுதாக ஒளிர்ந்தால் ஒன்றே முக்கால் அம்பியர். மோட்டார் இருக்கும் இடத்தில் அதைப் பூட்டி எரியவிட்டால் வழியின் தரம் கண்ணுக்கே தெரியும். அந்த மூன்று விளக்குகளும் மங்கலாகச் சிவந்து நின்றால் மோட்டாரைக் குறை சொல்வதற்கு இல்லை. மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பார்கள். இதைவிட நன்றாக எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லா நின்றுபோதலும் மின்சாரக் குறைவு அல்ல. தண்டு எவ்வளவு தூரம் நீண்டது என்று கீழே இருக்கும் பெட்டிக்குத் தெரிவது ஒரு சிறிய கண்ணாடிக் குழாயால். அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். மோட்டாரோடு சுழலும் காந்தம் அருகே வரும்போதெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு துடிப்பை அனுப்பும். பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணியே டிஷ்ஷின் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. துடிப்பு வராவிட்டால் மோட்டார் சிக்கிக்கொண்டது என்று கருதி, எரிந்துபோகாமல் காப்பாற்ற மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆகவே டிஷ் சில விநாடி நன்றாக அசைந்துவிட்டு நின்றால் துடிப்பு வயரைப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் மின் வயரைப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் போக மறுத்தால், பாரம் காரணமில்லை என்று தெரிந்த பிறகு, தண்டின் உள்ளே இருக்கும் எல்லை ஆளியைப் பாருங்கள். எல்லையைத் தொட்டதும் ஆளி திறந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கும் இருவாயி எதிர்த்திசை ஓட்டத்தை மட்டும் விடும். அந்தச் சிறு இருவாயி பழுதானால் டிஷ் எல்லைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

கொட்டாஞ்சேனையில் என் மச்சான் வீட்டில் பார்த்தது வேறு வகை. அவனுடையது மூன்றடிச் சிறு டிஷ். அதன் மோட்டாருக்குத் தனி வயர் கிடையாது. ரிசீவரிலிருந்து போகும் ஒரே கேபிளில் படமும் கீழே வருகிறது, மின்சாரமும் மேலே போகிறது, 'எங்கே திரும்பு' என்ற கட்டளையும் போகிறது. செய்மதி அலைகளில் நிலைக்குத்து, கிடை என இரண்டு முனைவாக்கம் உண்டு. எது வேண்டும் என்று ரிசீவர் சொல்வது வோல்ற் அளவால்: 13 என்றால் நிலைக்குத்து, 18 என்றால் கிடை. மச்சானின் முறைப்பாடு இதுதான்: சில அலைவரிசைகளிலிருந்து மாற்றினால் டிஷ் திரும்புகிறது, சிலவற்றிலிருந்து மாற்றினால் அப்படியே நிற்கிறது. நின்றவை எல்லாம் 13 வோல்ற் அலைவரிசைகள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து கேபிளின் நடுக்கம்பியில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. அது எஃகுக் கம்பியின் மேல் மெல்லிய செம்பு பூசிய மலிவான கேபிள்.

இதில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இருக்கிறது. படத்தைச் சுமந்து வரும் அலை விநாடிக்கு நூறு கோடித் தடவை அளவில் அதிர்கிறது. அவ்வளவு வேகமாக அதிரும் மின்னோட்டம் கம்பியின் உள்ளே போவதே இல்லை. மேல்தோலில், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆழத்தில் மட்டும் ஓடுகிறது. அதற்குச் செம்புப் பூச்சே தாராளம். உள்ளே எஃகு இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. படம் கண்ணாடிபோல் தெளிவாக வரும். மோட்டாருக்குப் போகும் நேரோட்டமோ கம்பியின் முழு உடம்பையும் பயன்படுத்துகிறது, எஃகின் தடை முழுவதும் அதன் தலையில் விழுகிறது. முழுச் செம்புக் கம்பியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரே வயருக்குள் இரண்டு மின்சாரங்கள், இரண்டு வெவ்வேறு வயர்களில் ஓடுவதுபோல் ஓடுகின்றன. 'படம் நன்றாக வருகிறது, ஆகவே கேபிள் நல்லது' என்று மச்சான் சொன்னது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அரை அம்பியர் பாயும்போது 30 மீற்றர் கேபிளில் 2 வோல்ற் போய்விடுகிறது. 18இல் 2 போனால் மோட்டார் தாங்கும். 13இல் 2 போனால் நின்றுவிடும். கேபிளை மாற்றும்வரை, கிடை அலைவரிசை ஒன்றில் வைத்துக்கொண்டு டிஷ்ஷைத் திருப்பு என்று சொன்னேன். திரும்பியது. ரிசீவரை நிறுத்தாமல் கேபிளைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். வெளிவலையின் ஒரு நூல் நடுக்கம்பியில் பட்டால் ரிசீவரின் மின்பகுதி கருகிவிடலாம்.

அளவுகளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு செய்மதியிலிருந்து பெரியவரின் எட்டடி டிஷ்ஷில் வந்து விழும் ஒரு அலைவரிசைத் தொகுதியின் வலு, ஒரு வாற்றின் இலட்சம் கோடியில் சில பங்கு. அதே டிஷ்ஷைத் தூக்க மோட்டார் கேட்பது 100 வாற். இவ்வளவு நுண்மையான ஒன்றைக் கேட்பதற்காக இவ்வளவு கனமான ஒன்றை, ஒரு பாகைகூடப் பிசகாமல் நிறுத்த வேண்டியிருக்கிறது. எட்டடி டிஷ்ஷின் பார்வை அகலமே இரண்டு பாகை சொச்சம்தான். அதற்கு மேல் விலகினால் பக்கத்துச் செய்மதியின் வாசலில் போய் நிற்போம்.

மறுவாரம் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வாங்கி வந்தோம். 60 மீற்றருக்குத் தடை முக்கால் ஓம். 3 அம்பியர் பாய்ந்தாலும் இழப்பு 2 வோல்ற் சொச்சம். சுவர்ப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டே வேலை தொடங்கினோம். பெட்டிக்குள் 230 வோல்ற் இருக்கிறது. ஒக்டோபர் மாதம், பின்னேரங்களில் இடி முழங்கும் காலம், அதனால் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பதில் பெரியவர் கண்டிப்பாக இருந்தார். மூட்டை ஈயம் உருக்கிப் பற்றவைத்து, வாய் கீழ்நோக்கிய சிறு பெட்டிக்குள் வைத்தோம். வயரைப் பெட்டிக்குள் நுழைக்குமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டோம். மழைநீர் வயரில் வழிந்து வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

மகள் கீழே பொத்தானை அழுத்தினாள். மீற்றர் 34 காட்டியது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே. தண்டு முனகிக்கொண்டு நீளத் தொடங்கியது. கடலைப் பார்த்துக் குப்புறக் கிடந்த எட்டடி வலை, ஒவ்வொரு அங்குலமாக நிமிர்ந்து உச்சிக்கு வந்தது. கீழேயிருந்து மகள் எண்களைச் சத்தமாக வாசித்தாள். 83 பாகைச் செய்மதியின் இடத்துக்கு வந்ததும் மோட்டார் தானே நின்றது, படம் வந்துவிட்டது என்று குரல் வந்தது.

பெரியவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டிஷ்ஷை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் குனிந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இன்னொருக்கா மேற்கே விடு பாப்பம்."